உடம்பும் உடையும் நாணும்

சென்ற பள்ளி விடுமுறையில் தஞ்சோங் பகாரில் உள்ள என் தமக்கையார் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். பன்னிரண்டாம் மாடி. சன்னலருகே நின்றால் துறைமுகம் தெரியும். 1972 இல் சரக்குப் பெட்டகங்கள் வந்து சேருமுன் அத்துறையில் மூட்டை சுமந்த தமிழர் பலர். இடுப்பில் ஒரு வேட்டி, தலையில் ஒரு துண்டு, மற்றபடி வெற்றுடம்பு. என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். அவரிடம் சென்று, 'உங்கள் உடம்பை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்று யாரேனும் கேட்டிருந்தால் பைத்தியக்காரன் என்று எண்ணியிருப்பார்.

அவருடைய பேரன் முறையாகும் என் தமக்கை மகனுக்கு அந்தக் கேள்வி விளையாட்டன்று. இருபத்தாறு வயது, கணினித் துறையில் பணி. பதினோராம் வயதில் அவன் மார்பிலும் தோளிலும் வெண்படை தோன்றிற்று. தோலின் நிறம் தரும் நுண்ணறைகள் அழிவதால் வரும் அந்நிலை தொற்றுவதன்று, உயிருக்கு ஊறு செய்வதுமன்று. ஆயினும் அன்று கழற்ற மறுத்த சட்டையை அவன் பிறகு எவர் முன்னும் கழற்றியதில்லை. பள்ளியில் நீச்சல் வகுப்பு வரும் நாளெல்லாம் அவனுக்கு வயிற்றுவலி வரும். ஒரு நாள் இரவு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை என் கையில் கொடுத்து, "மாமா, இதைப் படித்துப் பாருங்கள். நம் தமிழில் இதற்கு இடம் உண்டா, இல்லையா என்று சொல்லுங்கள்" என்றான்.

ஆடையின்றிப் பலர் கூடி இயற்கையோடு இயைந்து வாழ்வதால் மனிதன் தன் உடம்பைத் தானே ஏற்கக் கற்கிறான் என்பது அக்கட்டுரையின் கருத்து. மேலைநாட்டார் இதனை நேச்சுரிசம் என்பர். ஆடையில்லா நெறி என்று இங்கு வைத்துக்கொள்வோம். முகஞ்சுளித்து மடித்து வைத்துவிட எனக்கும் தோன்றியது. ஆனால் கேட்டவன் வம்புக்குக் கேட்கவில்லை. ஆகவே அந்நெறியின் கூற்றை முறையாக எடுத்து, நம் இலக்கியத்தோடும் வரலாற்றோடும் வைத்து நோக்கலாம் என்று துணிந்தேன்.

முதலில் அதன் தரப்பைக் கேட்போம். இவ்வியக்கம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியில் வேர்கொண்டது. ஆலைப் புகையும் நெருக்கடிக் குடியிருப்பும் உடம்பைக் கெடுக்க, வெயிலும் காற்றும் உடம்பில் படவேண்டும் என்று கிளம்பியவர்கள் அவர்கள். அவர்களுள் ஆடால்ஃப் கோச் என்பவர் நம் தொழிலைச் சேர்ந்தவர். பெர்லினில் பள்ளி ஆசிரியர். 1920களில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இசைவோடு ஆடையின்றி உடற்பயிற்சி அளித்தார். பெருங்கூச்சல் எழுந்தது, வேலை போயிற்று. பிறகு தனிப்பள்ளி நடத்தினார். 1933 இல் நாசி ஆட்சி அதனையும் மூடிற்று. அவர் செய்ததை நான் செய்யமாட்டேன். எந்த ஆசிரியரும் செய்யலாகாது என்றே கருதுகிறேன். குழந்தையின் இசைவு வேறு, பெற்றோரின் இசைவு வேறு. ஆனால் கூனிக் குறுகி நடக்கும் ஏழைப் பிள்ளையைக் கண்டு அவர் உள்ளம் நொந்தது பொய்யன்று.

1953 இல் இந்நெறியினர் உலகக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். 1974 இல் தம் நெறிக்கு இலக்கணமும் வகுத்தனர். தன்மதிப்பு, பிறர்மதிப்பு, சுற்றுப்புறத்தின்பால் மதிப்பு என்னும் மூன்றும் அதில் உள்ளன. காமத்தோடு இதனைச் சேர்த்து எண்ணுவது தவறு என்பது அவர்கள் வாதம். அண்மையில் இலண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரி உளவியலார் கீயன் வெஸ்ட் இதனை ஆராய்ந்தார். பிரிட்டனில் 849 பேரிடம் வினவியும், ஆடையில்லா நிகழ்ச்சிகளுக்குச் சென்றவர்களை முன்னும் பின்னும் அளந்தும் அவர் கண்டது, அங்குச் சென்றோர்க்குத் தம் உடம்பைப் பற்றிய எண்ணம் உயர்ந்தது என்பது. அதற்கு அவர் கூறும் காரணங்களுள் பிறர் உடம்பைக் காண்பதும் ஒன்று. விளம்பரத்தில் வரும் வடித்தெடுத்த உடம்பல்லாத, தொந்தியும் தழும்பும் சுருக்கமும் உள்ள நம்மைப் போன்றோர் உடம்பைக் காண்பது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; பின்னர் இதற்கு மீளுவோம்.

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டும் உணர்வைத் தமிழ் பலவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாண் வேறு, கூச்சம் வேறு, வெட்கம் வேறு, இழிவுணர்வு வேறு. வள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் புரட்டிப் பாருங்கள். அவர் பேசும் நாண் உடம்பைப் பற்றியது அன்று. தகாத செயலைச் செய்யக் கூசுவதே நாண் என்கிறார். பெண்டிரின் நாணம் வேறு வகை என்று முதற்குறளிலேயே ஒதுக்கியும் விடுகிறார். அந்த இன்னொரு நாணத்தை அச்சம், மடத்தோடு சேர்த்துப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றி வைத்தது பிறருடைய கைங்கரியம். அது தனிக் கட்டுரைக்குரியது.

ஆடையில்லா நெறியினர் இந்த வேறுபாட்டைக் காணவில்லை. பிறர்முன் உடுத்தியிருக்க விரும்பும் கூச்சத்தையும், தன் உடம்பை வெறுக்கும் இழிவுணர்வையும் ஒரே நோயின் இரு முகங்கள் என்கின்றனர். அவ்வாறு கொள்ள வேண்டுவதில்லை. நட்பின் விரைவுக்கு வள்ளுவர் எடுத்த உவமை எது? உடை நெகிழ்ந்தவனுக்கு அவன் கை ஓடிச்சென்று உதவுவதே. அந்தக் கையில் உடம்பின்மீது வெறுப்பு ஒரு சிறிதும் இல்லை, பரிவுதான் இருக்கிறது. மறைத்தல் எல்லாம் வெறுத்தல் ஆகாது.

மறுபக்கமும் உண்டு. களைதல் எல்லாம் ஏற்றல் ஆகாது. இதற்குச் சான்று தேடி மேலைநாடு போக வேண்டா. திகம்பரர் என்றால் திசையையே ஆடையாக உடையவர். தமிழ்நாட்டுச் சமணர் பெரும்பாலும் அம்மரபினர். அமணர் என்ற சொல்லோடு அம்மணம் என்ற சொல்லைத் தொடர்புபடுத்துவாரும் உளர். முற்றும் துறந்து ஆடையும் துறந்த துறவியர் மரபு அது. அம்மரபில் தோன்றிய நாலடியார் உடம்பைப் பற்றி என்ன சொல்கிறது? தூய்தன்மை என்னும் அதிகாரம் முழுவதும், தோலுக்குள் இருக்கும் அழுக்கை எண்ணிப் பார் என்பதே பேச்சு. ஆடையை விட்டவர்கள்தாம் உடம்பை அவ்வளவு இகழ்ந்தனர்! மற்றொரு புறம், திருமூலர் உடம்பை இழுக்கென்று தாம் முன்பு நினைத்ததையும், பிறகு அதனுள் உறுபொருளைக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதையும் கூறுகிறார். அவ்வாறு மனம் மாறுவதற்கு அவர் உடையைக் களைந்ததாகக் கூறவில்லை.

உடம்புக்கு மெய் என்ற பெயர் தமிழில் உண்டு என்று நாம் மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். உண்மைக்கும் அதே சொல், எழுத்துக்கும் அதே சொல். நானும் எத்தனையோ ஆண்டு உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் அழகைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அந்தப் பலகையிலிருந்து திரும்பிப் பிள்ளைகளின் மெய்யை நான் எப்படி நோக்கினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெருமை சொல்லில் நின்றுவிட்டது என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

ஆடை களைந்தால் உயர்வு தாழ்வு மறையும் என்பது இந்நெறியின் மிகக் கவர்ச்சியான கூற்று. நீதிபதியும் வண்டிக்காரனும் ஆடையின்றி நின்றால் யார் நீதிபதி என்று எப்படித் தெரியும் என்று கேட்கின்றனர். உண்மையிலேயே ஒரு நீதிபதி நம் நாட்டில் அதனைச் செய்து பார்த்திருக்கிறார். 1891 இல், பம்பாய்க்கு அருகிலுள்ள தாணே நகரில், சார்லஸ் கிராஃபர்ட் என்னும் ஆங்கில மாவட்ட நீதிபதி ஆடையில்லாக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். உலகிலேயே இவ்வகைக் கழகங்களுள் முதலாவது இதுதான் என்பர். அவரையும் சேர்த்து உறுப்பினர் மூவர். மற்ற இருவர் கிறித்தவச் சமயத் தொண்டர் ஒருவரின் மக்கள். விதிகளும் எழுதினர். மோதிரம், மூக்குக்கண்ணாடி, பொய்ப்பல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்று அவ்விதிகள் கூறுமாம். (பொய்ப்பல்லைக் கழற்றச் சொல்லாத பெருந்தன்மையை மெச்சத்தான் வேண்டும்.) எட்வர்டு கார்ப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளர்க்கு அவர் எழுதிய கடிதங்களால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவர் இரத்தினகிரிக்கு மாற்றப்பட்டதும் கழகம் கலைந்தது.

கிராஃபர்டை நான் எள்ளவில்லை. மனைவியை இழந்து தனித்து வாழ்ந்தவர். கழுத்துவரை பொத்தானிட்ட ஆட்சியாளர் உடையில் வெந்து வாடியவர். களையும்போது அவர் உள்ளம் மகிழ்ந்திருக்கும். ஆனால் அந்த மூவர் கூடியிருந்த வீட்டின் மதிலுக்கு அப்பால் வயலில் ஒற்றைக் கோவணத்தோடு நின்ற உழவன் எந்த நெறியைச் சேர்ந்தவன்? அவனை எவரும் கழகத்தில் சேர அழைக்கவில்லை. அவனுடைய வெற்றுடம்பு ஏழ்மை. இவர்களுடைய வெற்றுடம்பு கொள்கை.

இதைவிடக் கூர்மையான சான்று நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக விளங்கும் பகுதி அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே நாடார் குலப் பெண்களும் அவர்களினும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்களும் மார்பை மூடி மேலாடை அணிதல் கூடாது. மேற்குலத்தார் எதிரே மார்பு திறந்து நிற்பதே மரியாதை என்பது வழக்கம். 1813 இல் கர்னல் மன்றோ கிறித்தவம் தழுவிய பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தார். எதிர்ப்பு எழவே, தோள்சீலை ஆகாது, குப்பாயம் மட்டும் அணியலாம் என்று அது சுருங்கிற்று. 1829 இல் அரசாணையே தோள்சீலையை மறுத்தது. சந்தைக்குச் சென்ற பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். பள்ளிகளையும் வழிபாட்டிடங்களையும் கொளுத்தினார்கள். 1859 சூலை 26 இல்தான், சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பின், மன்னர் இசைவாணை பிறப்பித்தார். அப்போதும் மேற்குலப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வாலை அதில் ஒட்டி வைத்தார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நாம் அறிவது இதுவே.

நெறியினரின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். ஆடையின்றி நின்றால் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று எப்படித் தெரியும்? திருவிதாங்கூரில் அதனால்தான் தெரிந்தது. அங்கே வெற்று மார்பு சமத்துவத்தின் அடையாளமன்று, அடிமையின் சீருடை. அப்பெண்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஒரு முழத் துணிக்காக அடிபட்டது தங்கள் உடம்பை வெறுத்ததனாலா? இல்லை. தங்கள் உடம்பு தங்களுடையது என்று அவர்கள் கண்டதனால். உடம்பை ஏற்றுக்கொள்ளுதல் என்று ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டாயின், அதன் முதல் ஏடு அந்தத் தோள்சீலையில் எழுதப்பட்டது என்பேன். தாணே நீதிபதி தம் சட்டையைக் களைந்தது அந்த ஆணைக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. அவர்க்குக் களைய உரிமை இருந்தது. அவர்களுக்கு உடுக்க உரிமை இல்லாதிருந்தது. உரிமைதான் பொருள், துணி அன்று.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. துரையோ கிராணியோ எதிரே வந்தால் என் பாட்டனார் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அந்தத் துண்டு தோளிலேயே நிற்பதற்கு ஒரு தலைமுறை கழிந்தது. 1921 செப்டம்பர் 22 இல் மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் தம் சட்டையும் நீள்வேட்டியும் துறந்து அரையாடைக்கு மாறினார் என்பதைப் பள்ளியில் பாடமாக நடத்துகிறோம். போற்றத்தக்க செயல்தான். உடையற்ற ஏழையோடு தாமும் நிற்க அவரே தேர்ந்தெடுத்தது அது. அந்த ஏழைக்கு அத்தேர்வு இல்லை என்பதை அவரே நன்கு அறிந்திருந்தார், அதனால்தான் செய்தார்.

இனி என் தோட்டத்துக் குழாயடிக்கு வருகிறேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் லயத்து ஆண்கள் எல்லாரும் பொதுக் குழாயில் துண்டோடு குளிப்பார்கள். தழும்பு, தொந்தி, வளைந்த கால், பால்வெட்டுக் கத்தி கிழித்த முழங்கை, எல்லாம் எல்லார்க்கும் தெரியும். மறைவே இல்லை. வெஸ்ட் கூறும் மருந்து எங்களுக்கு நாள்தோறும் இருவேளை கிடைத்தது. அப்படியானால் உடம்பைப் பற்றிய ஏளனம் அங்கே இருந்திருக்கக் கூடாது. ஆனால் அதே குழாயடியில்தான் கட்டையன், நொண்டி, ஒல்லிக்குச்சி, கரிச்சட்டி என்ற பெயர்களெல்லாம் பிறந்தன. சிலர் இறந்தபிறகும் அப்பெயரே நின்றது. ஆடை இருந்ததனால் பிறந்த இழிவன்று அது. பார்வையில் பிறந்து நாவில் வளர்ந்தது.

அந்த நாவு எனக்கும் இருந்தது. பயிற்சிக் கல்லூரியை முடித்துப் பணியேற்ற புதிதில் என் வகுப்பில் செல்வி என்ற பெயருடைய மாணவியர் இருவர் இருந்தனர். வேறுபடுத்த எளிய வழி என்று கருதி ஒருத்தியைச் சிவப்புச் செல்வி என்றும் மற்றவளைக் கறுப்புச் செல்வி என்றும் அழைத்தேன். வகுப்பும் அழைத்தது. எவரும் அழவில்லை, எவரும் முறையிடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தாய் தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்தார். நான் அடையாளம் காணாமல் விழித்தபோது, "ஐயா, நான்தான் கறுப்புச் செல்வி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தம்மை அறிமுகம் செய்துகொள்ள அவர்க்கு வேறு பெயர் நான் விட்டு வைக்கவில்லை.

இத்தனைக்கும் சங்கப் பாடல்களை நடத்தும்போது மாமை நிறத்தின் அழகை நான் விரித்துரைத்தவன். மாந்தளிரின் நிறம் என்பர் உரையாசிரியர். குறுந்தொகையில் ஒரு தலைவி மாயோள் என்றே சுட்டப்படுகிறாள். கருநிறத்தாள் என்பது பொருள். பாராட்டாகச் சொன்ன சொல் அது. மாமை கெட்டுப் பசலை படர்வதே அப்பாடல்களில் துயரம், வெளுப்பதுதான் நோய்! அந்த மொழிக்கு உரிய நாம்தான் 1975 முதல் முகத்தை வெளுக்க ஃபேர் அண்ட் லவ்லி என்னும் களிம்பை வாங்கினோம். 2020 இல் அதன் பெயர் மாறிற்று. கடைத்தட்டில் அதன் இடம் மாறவில்லை. இங்கே உடம்பு முழுவதும் உடையால் மூடியிருந்தும் முகம் ஒன்றே போதுமானதாயிற்று இழிவுக்கு. ஆடையைக் களைவது இந்நோய்க்கு எப்படி மருந்தாகும்?

ஆயினும் அந்நெறியில் ஏற்கத்தக்கது ஒன்றுமே இல்லை என்று முடித்தால் நடுநிலை தவறியவனாவேன். என் மருமகனே அதற்குச் சான்று. படைப்பயிற்சிக்குச் சென்றபோது அவன் மிக அஞ்சியது துப்பாக்கிக்கு அன்று, கூட்டமாகத் தங்கும் அறைக்கு. பலர் நடுவே சட்டை மாற்றவேண்டும். முதல் நாள் எல்லாரும் பார்த்தார்கள். சீன நண்பன் ஒருவன் என்ன என்று கேட்டான்; இவன் சொன்னான். இரண்டாம் நாள் ஒருவன் பார்த்தான். மூன்றாம் நாள் ஒருவரும் பார்க்கவில்லை. "எனக்கே மறந்துவிட்டது மாமா" என்றான். வெஸ்ட் கூறியது இங்கே மெய்யாகிறது. ஆனால் அவனைத் தேற்றியது எது? ஆடை இன்மையா? அன்று. ஒருவனும் பெயர் சூட்டாமல் விட்டதுதான். எங்கள் குழாயடிக்கும் அந்தப் படையறைக்கும் இடையே உள்ள வேறுபாடு அவ்வளவே. பார்த்துப் பழகுதல் இரண்டிடத்தும் இருந்தது; ஓரிடத்தில் ஏளனம் தொடர்ந்தது, ஓரிடத்தில் கேள்விக்கு விடை கிடைத்ததும் அடங்கிற்று. நெறியினர் தங்கள் வெற்றிக்கு ஆடைக் களைவைக் காரணமாகக் காட்டுகிறார்கள். அவர்கள் கூட்டங்களில் எவரும் எவரையும் எள்ளக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். அக்கட்டுப்பாட்டை வகுப்பறையில் வைப்பதற்கு யாரும் சட்டையைக் கழற்ற வேண்டுவதில்லை.

சிங்கப்பூரில் இதனை நடைமுறைப்படுத்தலாமா என்று கேட்பார்க்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது. பொது இடத்தில் மட்டுமன்று, தன் வீட்டிலும் வெளியார் கண்ணுக்குப் படுமாறு ஆடையின்றி நிற்பது குற்றம். 2,000 வெள்ளிவரை தண்டம், அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அடுக்குமாடியில் எதிர்வீட்டுச் சன்னல் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, இதில் குறைகாண எனக்கு ஒன்றும் இல்லை. காண விரும்பாத கண்ணுக்கும் உரிமை உண்டு.

இவ்வளவும் எழுதி மருமகனிடம் படிக்கக் கொடுத்தேன். தோள்சீலைப் பகுதியை இருமுறை படித்தான். பள்ளியில் இதனைத் தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றான். செல்வியின் பகுதியில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த நீதிபதியை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே வாங்குகிறீர்கள் மாமா. அவர் பிறர் சட்டையைப் பற்றிப் பேசவில்லை; தம் சட்டையைக் கழற்றினார். நீங்கள் தேசாருக் கடலில் எங்களோடு குளித்தபோது முழுக்கைச் சட்டையோடுதானே குளித்தீர்கள்?" என்றான்.

வெயிலுக்காக என்று சொன்னேன். நாங்கள் குளித்தது மாலை ஆறரை மணிக்கு என்பது அவனுக்கு நினைவிருந்தது.